பட்டாலையில் பரப்பிய பொம்மைகள்: செட்டிநாட்டில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர்ப் பக்கத்தில் பொம்மை சேர்க்கிறவர்கள் சிலர் விடுமுறை நாள்களில் யாராவது ஒருவர் வீட்டுப் பட்டாலையில் (வீட்டின் முன்கூடத்தில்) கூடுகிறோம். அவரவருக்குப் பிடித்த பொம்மைகளைக் கொண்டுவந்து பாயில் பரப்பிவைத்துப் பேசுவதுதான் வேலை. பார்க்க வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன், காரமானவற்றையும் நீக்கவில்லை.

மீசை முளைத்த பிள்ளைக்குப் பொம்மை எதற்கு? இதெல்லாம் அப்பச்சிக்குத் தெரியுமா?

தெரியும். அவரும் வந்து ஊஞ்சலில் உட்கார்ந்து பார்ப்பார். இப்போது வரும் பொம்மைகளில் ஒரு பெரும் பகுதி வளர்ந்தவர்களுக்கென்றே செய்யப்படுவது. ஜப்பான் பெட்டிகள் பலவற்றில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றே அச்சிட்டிருக்கும். கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை வரிசையாகப் பரப்பிவைத்து, வந்தவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, “இது எங்கே வாங்கியது ஆச்சி?” என்று விசாரிக்கும் ஊர் இது. நாங்கள் செய்வதும் அதுதான், சாமான் மட்டும் வேறு.

மீசையைப் பற்றி ஒரு திருத்தம். எங்களில் பெண்களும் இருக்கிறார்கள். இருப்பதிலேயே பெரிய சேகரிப்பு ஒரு பள்ளி ஆசிரியையுடையது.

ஆக்‌ஷன் ஃபிகர் என்கிறீர்கள், வினைல் என்கிறீர்கள், சிலை என்கிறீர்கள். எல்லாம் பிளாஸ்டிக் பொம்மைதானே?

மூட்டு இருந்தால் ஆக்‌ஷன் ஃபிகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை, கால், கழுத்து, இடுப்பு திரும்பும். விரும்பிய தோரணையில் நிறுத்தலாம். 1964-ல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்ற 12 அங்குலப் படைவீரனை விற்றபோது இந்தப் பெயர் வந்தது. 1977-ல் ஸ்டார் வார்ஸ் படம் வந்ததும் கென்னர் நிறுவனம் மூன்றே முக்கால் அங்குல உருவங்களை அறிவித்தது. ஆனால் அந்தக் கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க முடியவில்லை. பொம்மை பிறகு வரும் என்ற சீட்டை அட்டை உறையில் போட்டு விற்றார்கள். மக்கள் அதையும் வாங்கினார்கள். ஜி.ஐ. ஜோவும் 1982-ல் அதே சிறிய அளவுக்கு மாறினான். நம் நாட்டில் பலருக்கு நினைவிருப்பது இந்த அளவுதான்.

வினைல் பொம்மை செய்யும் முறையே வேறு. திரவ நிலையில் இருக்கும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கை உலோக அச்சில் ஊற்றிச் சூடாக்குவார்கள். அச்சின் சுவரை ஒட்டி ஒரு தோல் படியும். மிச்சத்தை வடித்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் அந்தத் தோலை அச்சின் சிறிய வாய் வழியாக இழுத்து எடுப்பார்கள். உள்ளே வெற்றிடம், கையில் எடுத்தால் லேசாக இருக்கும். ஜப்பானில் இதைச் சோஃபுபி என்பார்கள். அங்கே மருசான் நிறுவனம் 1966-ல் கொண்டுவந்த காட்ஸில்லாவிலிருந்துதான் அசுர பொம்மைகளின் பெருக்கம் தொடங்கியது. சிலை என்பது பெரும்பாலும் ரெசினில் வார்த்தது. மூட்டு கிடையாது, கீழே விழுந்தால் உடையும், அவ்வளவுதான்.

அந்தப் பல் இளிக்கும் லபுபுவுக்கு ஏன் இத்தனை கூத்து?

லபுபுவை உருவாக்கியவர் காசிங் லங் என்ற ஓவியர். 2015-ல் அவருடைய சித்திரக் கதைகளில் வந்த குறும்புக் குட்டி அது. 2019-ல் பாப் மார்ட் என்ற சீன நிறுவனம் அதைப் பொம்மையாக்கத் தொடங்கியது. முகம் வினைல், உடல் துணி ரோமம். உள்ளே எது இருக்கிறது என்று தெரியாத மூடிய பெட்டியில் விற்கிறார்கள். கேட்டது கிடைக்கும்வரை வாங்கிக்கொண்டே இருப்பார்கள் என்பது கணக்கு. 2025 ஜூனில் பெய்ஜிங்கில் ஆளுயர லபுபு ஒன்று 10 லட்சத்து 80 ஆயிரம் யுவானுக்கு ஏலம் போனது.

ஓவியர்கள் பொம்மை செய்வது இதற்கு முன்பே வந்துவிட்டது. ஹாங்காங்கின் மைக்கேல் லாவ் 1999-ல் தெருப் பையன்களை உருவங்களாகச் செய்து காட்சிக்கு வைத்தார். டோக்கியோவின் மெடிகாம் டாய் 2001-ல் பேர்ப்ரிக் கரடியைக் கொண்டுவந்தது. உருவம் எப்போதும் ஒன்றே, மேலே உள்ள ஓவியம்தான் மாறும். அளவைச் சதவீதத்தில் சொல்வார்கள்: 100 சதவீதம் என்றால் 7 சென்டிமீட்டர் உயரம், 400 என்றால் 28, 1000 என்றால் 70. வினைல் பொம்மைகளோடு சேர்த்துப் பேசினாலும் அது பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்ற கடினப் பிளாஸ்டிக். பராமரிப்பு பற்றிய கேள்விகளில் இந்த வேறுபாடு உதவும்.

கூத்து அடங்கிய பிறகும் உங்களுக்கு அந்த முகம் பிடித்திருந்தால் வாங்குங்கள் என்பதே என் கருத்து.

நம் பக்கத்தில் இதெல்லாம் எங்கே கிடைக்கும்?

புதியவை இங்கே கடையில் கிடைப்பது அரிது. திருச்சி, மதுரை பெரிய கடைகளில் ஓரளவு பார்க்கலாம், மற்றபடி இணையம்தான். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் உறவினர் இல்லாத வீடு இந்தப் பக்கம் குறைவு என்பதால், திருச்சி விமான நிலையம் வழியாக வரும் பயணப் பெட்டிகளில் எங்கள் சேகரிப்பின் கணிசமான பகுதி வந்து இறங்கியிருக்கிறது.

பழையவற்றுக்கு நாம் கொடுத்துவைத்தவர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் எனாமல் பாத்திரம், பெல்ஜியம் கண்ணாடி, விளம்பரத் தகடு ஆகியவற்றுக்கு நடுவே தகரப் பொம்மையும் பீங்கான் பொம்மையும் கிடக்கும். வெளியூர்க்காரர் மாதிரி எல்லாவற்றையும் ஆவென்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்; விலை ஏறிவிடும். பொம்மையை முதலில் கேட்காமல் கடைசியில் கேளுங்கள்.

1980, 90களின் இந்தியத் தயாரிப்புகளுக்கு உறவினர் வீட்டுப் பரண்தான் கடை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல் 1987-ல் தொடங்கி, ஹாஸ்ப்ரோவின் உரிமம் பெற்று இங்கேயே ஜி.ஐ. ஜோவைத் தயாரித்தது. மாட்டெல் நிறுவனத்தின் ஹீ-மேன் என்ற வீரன் இங்கே லியோ என்ற வணிகப் பெயரில் விற்பனையானான். “பிள்ளைகள் விளையாடி முடித்த பிளாஸ்டிக் மூட்டை இருக்கிறதா ஆச்சி?” என்று கேட்டால் பெரும்பாலும் இருக்கும்.

உங்களில் ஆளுக்கு மிகவும் பிடித்தது எது? விலையைச் சொல்லாமல் சொல்லுங்கள்.

இந்தக் கேள்விக்காகத்தான் கூடுகிறோம், ஆகவே கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். தேவகோட்டை வங்கி ஊழியர் ஒருவருக்கு ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோ. அமெரிக்கப் பதிப்பில் பச்சை வர வேண்டிய சட்டை இதில் கண்ணைப் பறிக்கும் மஞ்சள். இந்தியப் பதிப்புகளில் நிறமும் உறுப்புகளும் இப்படி மாறி வந்ததுண்டு. சிறு வயதில் ‘அசல் மாதிரி இல்லையே’ என்று அவர் வருந்திய அதே பொம்மையைத் தேடி இன்று அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் கடிதம் எழுதுகிறார்கள். அவர் கொடுப்பதாக இல்லை.

ஆசிரியைக்குப் பச்சைச் சாயம் தெளித்த ஒரு சோஃபுபி அசுரன். தோளும் கழுத்தும் இடுப்பும் மட்டும் சுழலும். வேறு ஒன்றும் செய்யாது. அச்சிலிருந்து இழுத்தபோது விழுந்த சிறு நெளிவு வாலில் இருக்கிறது. அதைக் காட்டித்தான் வினைல் வார்ப்பைப் பிள்ளைகளுக்கு விளக்குகிறார். பொறியியல் மாணவன் ஒருவனுக்கு, திருப்பினால் ரோபோவாக மாறும் ஆப்டிமஸ் பிரைம் லாரி. 1984-ல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் அமெரிக்கா போவதற்கு முன்பு அது டகாரா நிறுவனத்தின் டயாக்லோன் வரிசையில் வேறு பெயரில் இருந்தது. அவனிடம் இருப்பது பிற்கால மறுபதிப்பு. அதைச் சொல்லிவிட்டுத்தான் பெட்டியையே திறப்பான். எனக்கு அது பிடிக்கும்.

எனக்கு லியோ ஹீ-மேன். இடுப்பைத் திருப்பி விட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் விசையில் திரும்பி ஒரு குத்து விடுவான். கால்களை உள்ளே ஒரு ரப்பர் இணைப்பு பிடித்திருக்கிறது. அது தளர்ந்ததால் நிற்க மாட்டான், சுவரில் சாய்த்துதான் வைக்க வேண்டும். எங்கள் கூட்டத்தின் மூத்தவருக்கு, அவருடைய ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த, செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கில் செய்த குழந்தைப் பொம்மை. 1941-க்கு முந்தைய கப்பல் பயணம் ஒன்றில் வந்தது. அதற்குப் பின் போருக்குத் தப்பிப் பர்மாவிலிருந்து வந்தவர்கள் பலர் கையில் பொம்மைக்கு இடமில்லை. அவர் அதை யாரிடமும் கொடுக்க மாட்டார், கையில் வைத்துக் காட்டுவார்.

பெட்டியைப் பிரித்துவிட்டால் மதிப்புப் போய்விடுமாமே?

விற்பனை விலை குறையும், உண்மை. பிரிக்காத பெட்டிக்கு விலை அதிகம். பிரித்தாலும் துப்பாக்கி, தொப்பி, சீட்டு எல்லாம் சேர்ந்திருந்தால் அடுத்த விலை. உருவம் மட்டும் என்றால் கடைசி விலை. அதனால் பிரித்தாலும் அட்டை, முறுக்குக் கம்பி, உள்தட்டு எதையும் எறிய வேண்டாம்.

ஆனால் மூடிய பெட்டி பொம்மையைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. ஏன் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன். பிரிக்காமல் அடுக்கி வைத்திருப்பவர்களை நான் குறை சொல்வதில்லை. அவர்களிடம் எனக்குப் பேச ஒன்றும் இருப்பதில்லை, அவ்வளவுதான்.

பெட்டகத்தில் பத்திரமாக வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது. பூச்சியா, பூஞ்சையா?

இரண்டும் இல்லை. பி.வி.சி. இயல்பில் கெட்டியான பொருள். அதை வளையும்படி செய்ய தாலேட் போன்ற எண்ணெய்த் தன்மையுள்ள வேதிப்பொருள்களைக் கலக்கிறார்கள். காலப்போக்கில், அதுவும் சூட்டில், அவை மெல்ல மேற்பரப்புக்கு வந்து கசிகின்றன. திறந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிவிடும். காற்றுப் புகாத பெட்டியில் போக வழியில்லாமல் பொம்மையின் மேலேயே படிந்து ஒட்டும். பத்திரம் என்று பூட்டியதுதான் கெடுத்தது.

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, மென்மையான பழைய டூத் பிரஷ், பிறகு நிழலில் உலர்த்தல். இவ்வளவு போதும். கசிவு மறுபடி வரும், மறுபடி கழுவுங்கள். தின்னர், அசிட்டோன் பக்கம் போகவே வேண்டாம், சாயம் கரைந்துவிடும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவும் ஆச்சிமார் உண்டு. பொம்மை கறுப்பானதற்குத் தூசியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

பெட்டகத்தின் பழைய பழக்கங்கள் இரண்டைப் பொம்மை விஷயத்தில் விட வேண்டும். ஒன்று, செய்தித்தாளில் சுற்றுவது. வினைல் மையை உறிஞ்சிக்கொள்ளும், தலைப்புச் செய்தி முகத்தில் ஏறிவிடும், அழியாது. இன்னொன்று, பாச்சை உருண்டை. பட்டுச் சேலைக்கு அது சரி. அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். வினைல் பொம்மைகளை ஒன்றையொன்று தொடாதபடியும், வேறு பிளாஸ்டிக் தட்டின் மேல் நேராகப் படாதபடியும் வையுங்கள். கசியும் பொருள் பக்கத்துப் பொம்மையின் சாயத்தையும் இளக்கும். நடுவில் வெள்ளைப் பருத்தித் துணியோ அமிலம் கலக்காத தாளோ இருக்கட்டும்.

சித்திரை வெயிலில் வீட்டின் எந்தக் கட்டுக்குள் வைப்பது?

இரண்டாங்கட்டில், அதாவது வீட்டின் இரண்டாம் பகுதியில், உள்பக்கச் சுவரை ஒட்டி. இந்த வீடுகளின் கனத்த சுண்ணாம்புச் சுவர் உச்சி வெயிலிலும் உள்ளே சூட்டை விடாது. இதைவிட நல்ல அலமாரி அறை வெளிநாட்டுக்காரர்களுக்கே கிடைக்காது. வளவில் (நடு முற்றத்தில்) வேண்டாம், மேலிருந்து வெயிலும் மழையும் தூசியும் நேராக இறங்கும். முகப்பில் வைக்க ஆசை வரும், வருகிறவர்கள் பார்க்கலாமே என்று. கண்ணாடி வழியாக வந்தாலும் வெயில் வெயில்தான். புற ஊதாக் கதிரின் ஒரு பகுதி கண்ணாடியைத் தாண்டி வரும். மாடி அறையில் மே மாதம் ஒரு வாரம் வைத்தால் மெல்லிய கணுக்கால் உள்ள உருவங்கள் தலை சாய்ந்து நிற்பதைப் பார்க்கலாம்.

புதிய சிமெண்டுச் சுவர் வீட்டில் இருப்பவர்கள் தெற்கு, மேற்குச் சுவரைத் தவிர்த்தால் பாதி வேலை முடிந்தது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அட்டைப் பெட்டிகளும் தகரப் பொம்மைகளும்தான் முதலில் பாதிக்கப்படும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். அலமாரிக் கதவை அவ்வப்போது திறந்து வைப்பது எல்லாவற்றையும்விட நல்லது. கோடையில் கூரியரில் வந்த பொம்மையை அன்றே முறுக்காதீர்கள். வண்டிக்குள் வெந்து வந்திருக்கும். ஓர் இரவு ஆறட்டும்.

வெள்ளையாக இருந்தது பழுப்பேறிவிட்டது. யாரோ முடிச்சாயக்காரர் மருந்து போட்டால் வெளுக்கும் என்றார்களே?

ஹைட்ரஜன் பெராக்சைடைச் சொல்கிறீர்கள். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் ஒளியாலும் காலத்தாலும் மஞ்சளாகும். தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் புரோமின் சேர்மங்களும் அதற்கு ஒரு காரணம். பெராக்சைடு தடவி வெயிலிலோ புற ஊதா விளக்கிலோ வைத்தால் வெளுப்பது உண்மைதான். கையுறையும் கண் பாதுகாப்பும் இல்லாமல் செய்யக் கூடாது. சாயம் பூசிய இடம், ஒட்டுச்சீட்டு இருக்கும் இடத்தில் படக் கூடாது. சீராகத் தடவாவிட்டால் திட்டுத் திட்டாக வெளுக்கும்.

வெளுத்தது மறுபடி பழுப்பேறலாம். விற்கவோ மாற்றிக்கொள்ளவோ போகிறீர்கள் என்றால், வெளுத்ததைச் சொல்லிவிடுங்கள். வினைல் முகங்களுக்கு இந்த வைத்தியமே வேண்டாம்.

கால் வளைந்துவிட்டது, மூட்டும் இறுகியிருக்கிறது. பலமாகத் திருப்பலாமா?

கூடாது. வளைந்த பி.வி.சி. காலைக் கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான வெந்நீரில் சிறிது நேரம் வைத்து, நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். இறுகிய மூட்டுக்கும் இதே முறைதான். மெதுவாக அசைத்தால் விட்டுக்கொடுக்கும்.

இடுப்போடு இரண்டாகப் பிரிந்த 1982 வகை ஜி.ஐ. ஜோவைத் தூக்கி எறியாதீர்கள். உடலையும் கால்களையும் உள்ளே ஒரு ரப்பர் வளையம் இணைக்கிறது, அற்றது அதுதான். முதுகுத் திருகைக் கழற்றிப் புதிய வளையம் போடலாம். பழைய டிரான்ஸ்ஃபார்மர்ஸில் பொன் துகள் கலந்த பிளாஸ்டிக் உள்ளவற்றைத் திருப்பவே வேண்டாம். அந்தக் கலவை தானாகவே நொறுங்கும் இயல்புள்ளது. நன்றாக வைத்திருந்தாலும் கையில் பொடியாகும். அவை பார்க்க மட்டும்.

ஆயா வீட்டில் ஒரு ஜப்பான் பொம்மை கிடைத்தது. லட்சம் போகுமா?

பெரும்பாலும் போகாது, ஆனால் கழுவுவதற்கு முன் காட்டுங்கள். முதலில் என்ன பொருள் என்று பார்க்க வேண்டும். காகிதம் போல லேசாக, வெளிச்சத்தில் சற்று ஊடுருவித் தெரிந்து, தேய்த்தால் கற்பூர வாசம் வந்தால் செல்லுலாய்டு. கற்பூரமும் நைட்ரோ செல்லுலோஸும் சேர்ந்த பொருள் அது. ஒரு காலத்தில் உலகத்துக்கே ஜப்பான் அதைச் செய்து அனுப்பியது. கனமாக, குளிர்ச்சியாக இருந்தால் பீங்கான். தகரத்தில் நேரடியாக அச்சிட்ட படம் இருந்தால் தகரப் பொம்மை. சாவி கொடுப்பது, தரையில் உரசி ஓடுவது என்று வகைகள்.

அடுத்தது அடியில் இருக்கும் எழுத்து. ‘நிப்பான்’ (ஜப்பானியர் தம் நாட்டைச் சொல்லும் பெயர்) என்றிருந்தால் பெரும்பாலும் 1921-க்கு முன். அதற்குப் பிறகு ‘ஜப்பான்’ என்று போட வேண்டும் என்று அமெரிக்கா கேட்டது. ‘ஆக்குபைட் ஜப்பான்’ (ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்) என்றிருந்தால் போருக்குப் பிந்தைய 1947 முதல் 1952 வரையான காலம். இவை ஏற்றுமதிக்கான முத்திரைகள். முத்திரை இல்லாததெல்லாம் போலி என்று ஆகாது, ஒட்டுச்சீட்டு உதிர்ந்து போயிருக்கலாம். ரங்கூன், பினாங்கு, கொழும்புக் கடைகளில் வாங்கி வந்தவை இப்படித்தான் கலந்து இருக்கும்.

செல்லுலாய்டு என்றால் எச்சரிக்கையோடு வைத்திருங்கள். நொடியில் பற்றிக்கொள்ளும். கெட ஆரம்பித்தால் அமில ஆவி விட்டு அருகிலுள்ள உலோகத்தையும் அரிக்கும். தனியாக, காற்றோட்டமாக, அடுப்படிக்கும் விளக்குக்கும் தொலைவில் வைக்க வேண்டும். ‘உண்மையா என்று பார்க்க ஊசியைச் சூடாக்கிக் குத்து’ என்று சொல்கிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள். தகரப் பொம்மையைத் தண்ணீரில் போடக் கூடாது, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

கொலுவில் வைக்கலாமா?

எங்கள் ஆசிரியை வீட்டில் கடைசிப் படியில் அசுரன் நிற்கிறான். மேலே மகிஷாசுரமர்த்தினி இருப்பதால் பொருத்தம்தான் என்கிறார். செல்லுலாய்டு மட்டும் கூடாது. காரணம் மேலே சொன்னதுதான், கொலுவில் கற்பூரம் காட்டுவார்கள்.

பேரன் தொட்டால் ஏன் பதறுகிறீர்கள்? பொம்மை என்றால் தொடத்தானே?

தொடத்தான். அதற்கென்று ஒரு கூடை தனியாக வைத்திருக்கிறோம். அதில் உள்ளவற்றை எறியலாம், உதைக்கலாம். பாயில் இருப்பவற்றைக் கொடுக்கத் தயங்குவது விலைக்காக மட்டும் இல்லை. சின்னத் துப்பாக்கியும் கைப்பகுதியும் தொண்டையில் சிக்கும். பழைய வினைலில் மேலே சொன்ன கசிவு இருக்கும், பழைய தகரப் பூச்சில் ஈயம் இருக்கலாம். வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள புதிய பொம்மையே சரி. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் குழந்தைப் பொம்மைகளுக்கு அந்த முத்திரை கட்டாயம்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் தரையில் உட்கார வைத்து, இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லிக் கொடுத்துவிடுவோம். இதுவரை பெரியவர்கள்தான் உடைத்திருக்கிறார்கள்.

போலி எது, அசல் எது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

விலைதான் முதல் சாட்சி. மற்ற எல்லாரும் ஒரு விலை சொல்ல, ஒருவர் மட்டும் கால் விலைக்குக் கொடுத்தால் அவர் வள்ளல் என்று எண்ண வேண்டாம். பிறகு முகம். கண் சாயம் கோட்டைத் தாண்டியிருக்கும், வார்ப்பு இணையும் கோடு கன்னத்தில் தெரியும், பெட்டியைத் திறந்ததும் கடுமையான நெடி அடிக்கும். காலடியிலோ முதுகிலோ உரிமை முத்திரையும் ஆண்டும் இல்லாமல் மொழுக்கென்று இருக்கும். முத்திரையில் உள்ள ஆண்டு அச்சு செய்த ஆண்டு; பொம்மை வார்த்த ஆண்டு பிந்தையதாக இருக்கலாம். 1982 என்று முதுகில் இருப்பதால் மட்டும் அது 1982 பொம்மை ஆகிவிடாது.

லபுபு வாங்குகிறவர்கள் பல்லை எண்ணலாம், அசலில் ஒன்பது. ஒன்பது இருப்பதால் அசல் என்று முடிவு கட்டிவிட முடியாது. போலி செய்கிறவருக்கும் எண்ணத் தெரியும். மறுபதிப்பு வேறு, போலி வேறு. மாணவனின் ஆப்டிமஸ் போல உரிமம் பெற்று வந்த மறுபதிப்பில் ஒரு குறையும் இல்லை.

ஜப்பானிலிருந்து நேராக வரவழைத்தால் மலிவாமே?

பொம்மை மலிவு, வருவது மலிவில்லை. பொம்மைக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. அதோடு ஜி.எஸ்.டி., அனுப்பும் செலவு. முன்பு சொன்ன ஐ.எஸ்.ஐ. கேள்வியும் எழலாம், நீங்கள் அதைக் கலைப்பொருள் என்பீர்கள், சுங்க அலுவலர் கண்ணுக்கு அது பொம்மை. விலையைக் குறைத்து எழுதச் சொல்லி விற்பவரிடம் கேட்காதீர்கள். தொலைந்தால் அந்தக் குறைந்த விலைதான் திரும்பக் கிடைக்கும். அது பொய்க் கணக்கும்கூட. ஊருக்கு வரும் உறவினர் தன் வரிவிலக்கு வரம்புக்குள் கொண்டுவருவதே நல்லது. அவர் பெட்டியில் உங்களுக்கு எத்தனை இடம் என்பது நீங்கள் அவருக்குக் கொடுத்தனுப்பும் சீப்புச்சீடையைப் பொறுத்தது.

தங்கம் மாதிரி இதுவும் ஏறும் என்று போட்டு வைக்கலாமா?

வேண்டாம். தங்கம் பிசுபிசுக்காது.

பெட்டகத்தில் கிடைத்த பொம்மை எனக்கா, பங்காளிகளுக்குமா?

எங்களிடம் வரும் கேள்விகளில் கடினமானது இது. பல வீடுகள் பிரிக்கப்படாத பொது வீடுகள். எந்தப் பெட்டகம் எந்தப் புள்ளிக்கு (பங்குக் குடும்பத்துக்கு) என்று ஒரு கணக்கு இருக்கும். உங்கள் பங்குப் பெட்டகத்தில், உங்கள் ஆத்தாவின் சாமானோடு இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பொது அறையில், யாருடையது என்று தெரியாமல் கிடந்தால் எடுத்துக்கொண்டு போய் விற்பது தவறு. பொம்மைதானே என்று சொல்லித் தப்ப முடியாது. பிறகு முனீஸ்வரன் கோயில் தெருக் கடையில் அதைப் பார்க்கும் சித்தப்பாவுக்கு அது தன் அக்கா விளையாடியது என்று அடையாளம் தெரியும்.

நாங்கள் சொல்வது இதுதான். எடுத்த இடத்திலேயே படம் எடுங்கள், குடும்பத்தார் அனைவருக்கும் அனுப்புங்கள், யாருடையது என்று கேளுங்கள். உரிமை கோருகிறவர் குறைவாகத்தான் இருப்பார். பொம்மையின் கதை தெரிந்த ஒரு அப்பத்தா மலேசியாவிலிருந்தாவது பேசுவார். அந்தக் கதையை எழுதி, பொம்மையோடு வையுங்கள். பங்காளிகள் ஒப்புக்கொண்டால் கையெழுத்தோடு ஒரு சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் கொழுந்தன் அந்தப் பழைய பொம்மையை அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?

வயதைப் பாருங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுகளுக்குக் குறையாத கலை, கைவினைப் பொருள்கள் தொல்பொருள் வகையில் வரலாம். தொல்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது. மரப்பாச்சி, பழைய செப்புச் சாமான், ‘நிப்பான்’ முத்திரைப் பீங்கான் எல்லாம் இந்த எல்லைக்கு அருகில் இருப்பவை. சந்தேகம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் அல்ல என்று சான்று வாங்கிய பிறகே அனுப்ப வேண்டும்.

1980களின் ஹீ-மேனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. செல்லுலாய்டு என்றால் வயது எதுவானாலும் விமானத்தில் ஏற்றாதீர்கள், எளிதில் தீப்பற்றும் பொருள் அது. கொழுந்தன் அடுத்த முறை குன்றக்குடிக்கோ பிள்ளையார்பட்டிக்கோ வரும்போது எங்கள் கூட்டத்துக்கும் வரச் சொல்லுங்கள். பாயில் வைத்துக் காட்டுகிறோம். அவரிடம் இருப்பதையும் எடுத்து வரட்டும்.